வடிகட்டிக் கொண்டுவந்த தண்ணீர்

விடுதியின் சலவை அறையில் வேலை பார்ப்பவளுக்கு மனிதர்களைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எந்த விருந்தாளி படுக்கையில் உட்கார்ந்து சாப்பிட்டான், எவன் ஷூவைத் துண்டால் துடைத்தான், எவள் தலைச்சாயம் காயாமல் தலையணையில் சாய்ந்தாள் என்பதையெல்லாம் விரிப்புகளைப் பிரித்துப் போடும்போதே சொல்லிவிடுவாள். ஊரார் அழுக்கைப் பிரித்துத்தான் அவள் தன் வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் எதைப் பார்த்தாலும் அவளுக்குச் சந்தேகம். டம்ளரை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றமாட்டாள். கீரையை அலசி, மறுபடி அலசி, அலசிய பாத்திரத்தையும் அலசுவாள். கணவன் அவளுக்கு 'செக்போஸ்ட்' என்று பெயர் வைத்திருந்தான். "செக்போஸ்டைத் தாண்டி ஒரு ஈ உள்ள வந்துட முடியாது" என்று தன் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பான்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குக் குடிதண்ணீர் மலைச்சாலை வளைவிலிருந்த பொது ஊற்றிலிருந்து வந்தது. வேறு வழியில்லை. தெருவில் புதுக் குழாய் பதித்ததிலிருந்து வீட்டுக் குழாயைத் திறந்தால் டீத்தூள் ஊறின மாதிரிப் பழுப்பாக ஊற்றியது. கணவன் டயர் கடையில் வேலை. கடை வண்டி அவன் பொறுப்பில் வீட்டு வாசலில்தான் நிற்கும். ஞாயிறுதோறும் அதில் கேன்களை ஏற்றிக்கொண்டு போய் நிரப்பி வருவான். அவள் ஒருநாளும் கூடப் போனதில்லை. ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள்: "நான் வரல சாமி. எங்கேருந்து வருதுன்னு பாத்துட்டா அப்புறம் எனக்கு இறங்காது. நீங்களே கொண்டுவந்து வைங்க, நான் கொதிக்க வச்சுக்கறேன்."

அந்த ஞாயிறு காலையில் கடை முதலாளி கணவனை அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார். பேருந்து ஒன்றின் டயர்கள் அத்தனையையும் மாற்ற வேண்டுமாம். கிளம்பும்போது அவன் வாசலில் நின்று, "தண்ணிக்கு நான் சாயங்காலம் போய்க்கறேன். நீங்க யாரும் போக வேண்டாம்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடியும் சொன்னான்: "என்ன, கேட்டுச்சா? வெயில்ல அலைய வேண்டாம்." இவ்வளவு கரிசனம் எங்கிருந்து வந்தது என்று அவள் மனதுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போனாள்.

ஆனால் கேன் காலி. மகள் தாகம் தாகம் என்று பறந்தாள். அந்த நேரம் பார்த்து நாத்தனார் ரொட்டி வண்டியோடு வாசலில் வந்து ஹார்ன் அடித்தாள். பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி விநியோகம் செய்யும் வண்டியை ஓட்டுபவள் அவள். கீழே விழுந்த ரொட்டியை ஊதிவிட்டுத் தின்னும் ரகம்.

"ஏறுங்க அண்ணி. ரொட்டி வண்டிதான், ஆனா ராஜமரியாதை."

"உங்க அண்ணன் போகக் கூடாதுன்னாரு."

"அவன் கிடக்கான். பிள்ளை நாக்கு வறண்டு நிக்குது, இவனுக்கு வெயிலாம்."

பக்கத்து வீட்டில் மகளை விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

சாலையோரக் கல்சுவரிலிருந்து ஓர் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே சிமெண்டுத் தொட்டி. விளிம்பிலிருந்து பாசி சளியைப்போலத் தொங்கியது. முன்னால் பெரிய வரிசை. வரிசையைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர். அவரை அங்கே எல்லோரும் 'ரைட்டு' என்றுதான் அழைத்தார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை.

"ரைட், ரைட்! அடுத்தவங்க முன்னால வாங்க! மூடியைத் தொறந்து ரெடியா வச்சுக்கங்க! உள்ள தள்ளி நில்லுங்கம்மா, பின்னால எடம் இருக்கு!" திறந்த வெளியில் எந்த 'உள்ளே' என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

அவள் வரிசையில் நின்று பார்க்க ஆரம்பித்தாள். பார்க்காமலிருக்கத்தான் நினைத்தாள். கண் கேட்கவில்லை. ஒரு லாரி டிரைவர் தொட்டியோரம் குந்தி, வாய் நிறைய நுரையோடு பல் தேய்த்து, அடிவயிற்றிலிருந்து காறித் துப்பினார். துப்பியது பாசியில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. அப்புறம் அவர் எழுந்து குழாயை வாய்க்குள் முழுசாக விட்டு, கன்றுக்குட்டி மாதிரிச் சப்பிக் குடித்தார். வாயை எடுத்ததும் அடுத்து நின்ற பெண் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் தன் கேனைப் பிடித்தாள். ஓர் இளம் தாய் குழந்தைக்குக் கால் கழுவிவிட்டு, அந்தக் கையோடு பால்புட்டியையும் நிரப்பினாள். ஒருவன் ஷூவின் அடிப்பாகத்தைக் குழாயின் உதட்டிலேயே வைத்துத் தேய்த்துச் சேற்றை வழித்தான். விடுதித் துண்டுகளை நாசமாக்குவது எப்படிப்பட்ட ஆள் என்று அவளுக்கு இப்போதுதான் முகத்தோடு தெரிந்தது.

"அண்ணி, மூக்கை ஏன் அப்படி வச்சிருக்கீங்க? போட்டோ எடுக்கவா?" என்றாள் நாத்தனார்.

"சும்மா இருடி. இதைத்தான் தினம் குடிக்கறோமா?"

"கீழ நடக்கறதைப் பாக்காதீங்க. தண்ணியைப் பாருங்க."

அது உண்மைதான். தண்ணீர் மட்டும் அத்தனை அழகாக இருந்தது. கண்ணாடிக் கம்பியை வளைத்து வைத்த மாதிரி விழுந்தது. அவள் முறை வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. தொண்டை காய்ந்திருந்தது. ரைட்டு, "முதல் தடவையா வர்றீங்களாம்மா? ஒரு கை குடிச்சுப் பாருங்க. அப்புறம் வேற தண்ணி இறங்காது" என்றார்.

குழாயைத் தொடாமல், கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டு, தள்ளி நின்று ஏந்திக் குடித்தாள். பல் கூசும் குளிர்ச்சி. நெஞ்சுக்குள் இறங்கும் வழியெல்லாம் தெரிந்தது. இதற்குத்தான் இத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒத்துக்கொண்டாள். இன்னொரு கை ஏந்தினாள்.

நாக்கில் ஏதோ நெருடியது. விரலை விட்டு எடுக்கப் பார்த்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு முனை விரலில் இருக்க, மறுமுனை தொண்டைக்குள்ளிருந்து உரசிக்கொண்டு மேலே ஏறியது. வெளியே இழுத்துப் பார்த்தால் வெள்ளை முடி. மனித முடி இல்லை. முரட்டு முடி, நீளமாக, அதன் அடியில் வெந்த தோல் மாதிரிச் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு துணுக்கு.

அவள் கையை உதறினாள். அது போகாமல் விரலைச் சுற்றிக்கொண்டது.

"அது வேரும்மா, மரத்து வேர்" என்றார் ரைட்டு.

"வேர்ல தோல் இருக்குமா?"

"மலைன்னா எல்லாந்தான் இருக்கும். ஓடிக்கிட்டே இருக்கற தண்ணி, ஒண்ணும் பண்ணாது. நீங்க எந்த வீடு?"

நாத்தனார் முந்திக்கொண்டு, "டயர் கடையில இருக்காரே, அவரு வீடு. எங்க அண்ணன்தான்" என்றாள்.

ரைட்டின் முகம் மலர்ந்தது. "அட, அவரு வீடா! விவரமான மனுஷனாச்சே. மூணு வாரமா வர்றப்பல்லாம் கையோட டீ வடிகட்டி கொண்டாறாரும்மா. குழாய் வாயில பிடிச்சு, இந்த வேரெல்லாம் தட்டி எறிஞ்சுட்டு, பளிச்சுன்னு தண்ணி எடுத்துட்டுப் போவாரு. நாங்க கேட்டா எங்களுக்கும் குடுப்பாரு. தங்கமான ஆளு."

வரிசையில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நல்ல பெயர்தான் எடுத்திருந்தான்.

ஞாயிறு காலைகளில் டீ வடிகட்டி ஆணியில் இல்லாததும், மதியம் அதே ஆணியில் ஈரமாகத் தொங்கியதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த வடிகட்டியில்தான் தினமும் சாயங்காலம் மகளுக்கும் தனக்கும் டீ வடிகட்டினாள். போன வாரம் மகள், "அம்மா, தண்ணி நாறுது" என்றபோது, "ஊர்ல இல்லாத அதிசயமா பேசாத, மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடி" என்று அதட்டியதும் அவள்தான். கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று நம்பி, தினம் பெரிய பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கவிட்டிருக்கிறாள். எதைக் கொதிக்கவிட்டோம் என்று நினைத்தபோது கன்னத்தின் உட்பக்கம் எச்சில் ஊறி நிறைந்தது.

கேனை அப்படியே வைத்துவிட்டுக் கல்சுவரின் பக்கவாட்டிலிருந்த ஒற்றையடித் தடத்தில் ஏறினாள்.

"அண்ணி, எங்க போறீங்க?"

"எங்கேருந்து வருதுன்னு பாக்கத்தான்."

"மேல எல்லாம் போகக் கூடாதும்மா!" என்று கீழிருந்து கத்தினார் ரைட்டு.

"யாரு சொன்னா?"

அவர் யோசித்தார். "யாரும் போனதில்ல" என்றார்.

புதர்களை விலக்கிக்கொண்டு இருவரும் ஏறினார்கள். முதலில் நாற்றம்தான் வந்தது. ஈரத்துண்டுகளை மூட்டையாகக் கட்டி, நாள்கணக்கில் மறந்துவிட்டுப் பிறகு அவிழ்த்தால் வருமே, அதைப்போல ஆரம்பித்து, அதையும் தாண்டி, இனிப்பாக, தொண்டையில் எண்ணெய்போல ஒட்டும் நாற்றம். அப்புறம் ஈக்களின் சத்தம். தையல் இயந்திரம் ஓடுவதுபோல ஒரே சீராக இருந்தது.

தண்ணீர் சேரும் தொட்டி சதுரமானது, இடுப்பளவு ஆழம் இருக்கும். மேலே மூடியிருந்த கல்பலகை நடுவில் உடைந்து உள்ளே விழுந்திருந்தது. அதோடு ஓர் ஆடும் விழுந்திருந்தது. வெள்ளை ஆடு. வயிறு தலையணை மாதிரி உப்பித் தண்ணீருக்கு மேலே நின்றது. தோல் அங்கங்கே கழன்று, அந்த நீள முடி நீர்ப்பரப்பெல்லாம் கம்பளம்போலப் படர்ந்திருந்தது. கண் இருந்த இடத்தில் கண் இல்லை, அசைவு மட்டும் இருந்தது. ஒரு பக்கம் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் பளிங்குபோல விழுந்து, ஆட்டை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கம் குழாய்க்குள் சாவதானமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். சற்றுமுன் குடித்த தண்ணீர் குளிர்ச்சி போகாமலே திரும்பி வந்தது. பிறகு காலைச் சாப்பாடு. பிறகு வெறும் கசப்பு. வாந்தி நின்ற பிறகும் உடம்பு விடவில்லை. மூன்று வாரத்தையும் வெளியே தள்ளப் பார்ப்பதுபோலக் குடலை முறுக்கியது.

நாத்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதையும் ஊதிவிட்டுத் தின்கிறவளின் உதடு வெளுத்திருந்தது. "அண்ணி, உங்க வீட்டுக்கு வர்றப்பல்லாம் நானும் குடிச்சேனே" என்று சின்னக் குரலில் சொன்னாள்.

கீழே இறங்கி வந்து அவள் வரிசையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இளம் தாய் பால்புட்டியைக் கவிழ்த்துவிட்டு அழுதாள். லாரி டிரைவர் வாயைத் துடைத்தார், துடைத்த கையைச் சட்டையில் துடைத்தார். ஆனால் நிரம்பிக்கொண்டிருந்த கேனை அதன் சொந்தக்காரர் எடுக்கவில்லை.

"கொதிக்க வச்சா போச்சு" என்றார் அவர்.

"யோவ், செத்த ஆடுய்யா" என்றாள் நாத்தனார்.

"ஆட்டைத்தான திங்கறோம்?"

பின்னால் நின்றவர் ஒருவர் முன்னே வந்து, ஏதோ ரகசியம்போல அவளிடம், "போறவங்க போகட்டும்மா. நீங்க இதை ஆபீஸ்ல மட்டும் போய்ச் சொல்லாதீங்க, குழாயை மூடிடுவாங்க. வரிசை குறைஞ்சா நமக்கு நல்லதுதான" என்றார். அவர் மூச்சு முகத்தில் பட்டது. ஆட்டின் முகத்தையே பார்த்துவிட்டு வந்தவள், இந்த முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

ரைட்டு குழாயை மறித்து நின்றார். பிறகு வரிசையைப் பார்த்து, "வண்டி போகாது. எல்லாரும் இறங்குங்க" என்றார். பழக்க தோஷத்தில் அப்படித்தான் வந்தது.

மதியம் தாண்டி கணவன் கை நிறையக் கரியோடு வீட்டுக்கு வந்தான். காலிக் கேன்கள் வாசலில் கவிழ்ந்து கிடந்தன. உள்ளே அவள் அடுப்புக்குப் பக்கத்தில் டீ வடிகட்டியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"டீ போடட்டுமாங்க?"

அவன் வடிகட்டியைப் பார்த்தான். "வேண்டாம். கடையிலயே குடிச்சுட்டேன்" என்றான்.

"அப்ப, தண்ணி?"

"அதுவும் குடிச்சுட்டேன்."

"ஊத்துக்குப் போயிருந்தோம்டா" என்றாள் தங்கை.

அவன் கரிக்கையைத் துடைக்கத் துணி தேடினான். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. "வேர்னு நினைச்சேன்" என்றான்.

"வேரை எடுக்க வடிகட்டி எதுக்கு?"

"முதல் வாரம் வேர்னுதான் நினைச்சேன். அப்புறம்… அப்புறம் என்ன பண்ணச் சொல்றே? குழாயில சாக்கடை வருது. சொன்னா நீ ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிப்பே. பாத்தா இறங்காது, நான் பாக்க மாட்டேன்னு நீதான சொன்னே? உன்னைப் பாக்க விடாம நானே பாத்துக்கிட்டேன். கொதிக்க வச்சுத்தான குடிக்கறோம்?"

அந்த வார்த்தை அவளைக் கொஞ்சம் தடுமாற வைத்தது. அவள் சொன்னது உண்மைதான். கண்ணை மூடிக்கொண்டு குடிக்க ஒப்புக்கொண்டவள் அவள். ஆனால் அவன் பேச்சிலேயே ஒன்று இடறியது.

"குடிக்கறோமா? நீங்க குடிச்சீங்களா?"

அவன் கரிக்கையைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான்.

"சொல்லுங்க. மூணு வாரமா வீட்டுத் தண்ணி உங்க வாயில பட்டுச்சா?"

வாசல் பக்கம் விளையாடிக்கொண்டிருந்த மகள், தகப்பனுக்கு உதவி செய்கிற நினைப்பில், "அப்பாக்குத்தான் வண்டில பாட்டில் இருக்கே. கடையில வாங்கினது. சோறு சாப்பிட்டுட்டு அங்க போய்க் குடிப்பாரு. எனக்குக்கூட ஒருநாள் ஒரு வாய் குடுத்தாரே" என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும், வண்டியைப் பூட்டினேனா பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவன் எழுந்து போனதெல்லாம் இதற்குத்தானா? அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஒரே தலையணையில் பக்கத்தில் கிடந்த முகம். அதன் மேல் ஏதோ ஒரு கறை, எந்தச் சோப்புக்கும் போகாதது, முன்பே இருந்தமாதிரியும் இப்போதுதான் விளக்கைப் போட்டமாதிரியும் இருந்தது. மலைமேல் வந்த குமட்டல் மறுபடி வந்தது. ஆனால் இந்த முறை வாந்தி எடுக்க வயிற்றில் ஒன்றுமில்லை.

"பிள்ளைக்குக் குடுத்தீங்க. எனக்குக் குடுத்தீங்க. கூடப் பொறந்தவளுக்குக் குடுத்தீங்க. நீங்க மட்டும் வண்டிக்குப் போனீங்க."

"தப்புதான்" என்றான் அவன். தலை குனிந்திருந்தது. "உடனே சொல்லியிருக்கணும். நாள் போகப் போக எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சொல்ல வேண்டாம். கிளம்புங்க."

"எங்க?"

"ஆட்டை எடுக்க. வெளிச்சம் இருக்கறப்பவே."

சலவை அறையிலிருந்து முழங்கை வரைக்கும் வரும் ரப்பர் கையுறையும் பிளீச்சிங் பவுடரும் கேட்டு வாங்கிக்கொண்டாள். நாத்தனார் வண்டியை ஓட்டினாள். ஊற்றடியில் ரைட்டு கயிற்றோடும் சாக்கோடும் காத்திருந்தார். இளம் தாய் தன் கணவனிடம் மண்வெட்டி கொடுத்து அனுப்பியிருந்தாள். வேறு யாரும் வரவில்லை.

தொட்டிக்குள் யார் இறங்குவது என்ற பேச்சே எழவில்லை. அவள் கணவனைப் பார்த்தாள். அவன் சட்டையைக் கழற்றி, கையுறை மாட்டி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு இறங்கினான். கயிற்றைக் கட்ட ஒரு காலைப் பிடித்துத் தூக்கியபோது, கால் மட்டும் தோலோடு உருவிக்கொண்டு அவன் கையில் வந்தது. அவன் அதைப் பிடித்தபடியே நின்று, துணிக்குள்ளேயே வாந்தி எடுத்தான். மண்வெட்டிக்காரன் பின்வாங்கிப் புதருக்குள் ஓடினான். ரைட்டு மட்டும் கயிற்றை விடாமல், கண்ணீர் வழிய, "விடாதீங்க, விடாதீங்க, பக்கத்துலதான்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். உப்பிய வயிறு தொட்டி விளிம்பில் உரசி உடைந்தபோது எழுந்த நாற்றத்தில் ஈக்களே விலகிப் போனமாதிரி இருந்தது.

அவள் நகரவில்லை. சாக்கின் வாயைத் தன் கையாலேயே விரித்துப் பிடித்தாள்.

தள்ளிப்போய் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். தொட்டியின் அடைப்பைத் திறந்து எல்லாவற்றையும் வடியவிட்டு, அடியில் படிந்திருந்த கருஞ்சேற்றை வாரிக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். ரைட்டின் வீட்டுக் கூரையில் மிச்சமிருந்த தகரத்தை மேலே வைத்துக் கல் அடுக்கினார்கள். குழாயில், 'மறு அறிவிப்பு வரை குடிக்கக் கூடாது' என்று ஓர் அட்டையை ரைட்டு கட்டித் தொங்கவிட்டார்.

கீழே இறங்கியதும் கணவன் குழாயடியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தான். முடி அவன் முதுகில், காதோரத்தில், புருவத்தில் எல்லாம் ஒட்டியிருந்தது. அவனே எடுக்க முடியாத இடங்கள். அவள் சலவைச் சோப்பை எடுத்து, விரிப்பைத் தேய்ப்பதுபோல் அவன் முதுகைத் தேய்த்தாள். ஒவ்வொரு முடியாகப் பிய்த்து எறிந்தாள். கை தன் வேலையைச் செய்தது. மனம் அருவருப்பில் எங்கோ தள்ளி நின்றது. அவன் அழுகிறானா, தண்ணீரா என்று அவள் பார்க்கவில்லை.

"மன்னிச்சுடு" என்றான்.

"கையைத் தூக்குங்க. அக்குள்ல இருக்கு" என்றாள்.

அந்த வாரம் முழுக்க ரொட்டி வண்டியில் நாத்தனார் எங்கெங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். சில வாரங்கள் கழித்து, நகரிலிருந்து ஆள் வந்து ஊற்றுத் தண்ணீரைச் சோதித்து, குடிக்கலாம் என்று சொன்ன பிறகு, வரிசை பழையபடி நீண்டது. 'கொதிக்க வச்சா போச்சு' என்றவர் அந்த வரிசையில் முதலில் நின்றார். ஆட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளும் இப்போது ஞாயிறுகளில் கணவனோடு போனாள். முதலில் மேலே ஏறித் தகரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்துதான் கேனை வைக்கவிட்டாள்.

முதல் ஞாயிறு கொண்டுவந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, சாப்பாட்டு வேளையில் ஒரு டம்ளர் நிறைய ஊற்றினாள். மகள் கை நீட்டினாள். அவள் அந்தக் கையை மெல்லத் தள்ளிவிட்டு டம்ளரைக் கணவன் முன்னால் வைத்தாள்.

"குடிங்க."

அவன் அவளைப் பார்த்தான். குடித்தான். தொண்டை மேலும் கீழும் அசைவதை அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்து அவன் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் மகளுக்கு ஊற்றினாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் ஒவ்வொரு வேளையும் முதல் டம்ளர் அவனுக்குத்தான். வெளியிலிருந்து வருகிறவர்கள் பார்த்துவிட்டு, புருஷனுக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். நாத்தனார் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.